இடது கண் திறக்கும் நேரம்

பிலிமைக் கழற்றிவிட்டு ஷட்டரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்து, கேமராவை மேஜையில் வைத்து, திருப்புளியை எடுக்கச் சுருளிவேல் கையை நீட்டிய பிறகுதான் அந்த இரண்டாவது சத்தம் கேட்டது.

ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மேற்கே மலை இடுக்கில் நுழைந்து பள்ளத்தாக்கு நெடுக ஓடிவரும் அந்தக் காற்றில் மார்க்கையன்கோட்டையில் சத்தம் போடாத பொருளே கிடையாது. ஜன்னல் கொக்கி ஆடும், மாடித் தகரம் படபடக்கும், தெருவில் யாரோ விட்டுப்போன பெயிண்ட் டப்பா வாய்க்கால்வரை உருண்டு போகும், வயலின் ஈரமண் வாசனையும் திராட்சைத் தோட்டத்து மருந்து நெடியும் கலந்து முன்னறைக்குள் வந்து சுற்றும். ஆனால் சுருளிவேலின் காது இருபது வருஷமாகக் கேமராக்களின் சத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டுப் பழகிய காது. இது கொக்கி அல்ல. தகரமும் அல்ல. மெல்லிய தகடுகள் விலகி, வெளிச்சத்தை உள்ளே விட்டு, மறுபடி மூடிக்கொள்ளும் சத்தம். மேஜைமேல் இருந்த கேமராவிலிருந்துதான் வந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

அது இரட்டைக் கண் கேமரா. மனிதனுடைய இரண்டு கண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் இரண்டு லென்ஸ்கள். ஒரு தடவை அமுக்கினால் இரண்டும் ஒன்றாகத் திறந்து ஒரே பிலிமில் இரண்டு படம் எடுக்கும். வலது கண் பார்த்தது ஒன்று, இடது கண் பார்த்தது ஒன்று. இரண்டையும் அட்டையில் பக்கம் பக்கமாகப் பொருத்தி, வியூவர் என்கிற சின்னப் பெட்டிக்குள் செருகிக் கண்ணை வைத்தால் படம் எழுந்து நிற்கும். மரத்துக்குப் பின்னால் ஆள் நிற்பான், ஆளுக்குப் பின்னால் மலை நிற்கும்.

காலையில் அதைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தவள் மகாலட்சுமி, கூடலூர் லிங்கேஸ்வரனின் மனைவி. சுருளிவேலைப் போலவே லிங்கேஸ்வரனும் பழைய பிலிம் கேமராக்களைப் பழுதுபார்த்தவன். பள்ளத்தாக்கில் அந்த வேலை தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டே பேர். கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சேகரிப்பாளர்கள் கூரியரில் அனுப்புவார்கள். சில பெட்டிகள் மார்க்கையன்கோட்டைக்கு வரும், பல பெட்டிகள் கூடலூருக்குப் போகும். சித்திரை மாதம் ஒரு பகலில் லிங்கேஸ்வரன் வேலை மேஜையிலேயே மாரடைப்பில் போய்விட்டான்.

“ஒரு கண்ணு மட்டும்தேன் அமுக்குன ஒடனே தொறக்குதுண்ணே,” என்றாள் மகாலட்சுமி. “இன்னொண்ணு எப்பத் தொறக்குதுன்னே தெரியல. சரிபண்ண முடிஞ்சா பண்ணுங்க. ஆனா உள்ள இருக்கிற எதையும் மாத்திராதீக. அவுக வச்சது வச்சபடி இருக்கணும்.”

சுருளிவேல் கேமராவைத் திருப்பி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தான். “இது புது மாடல்ல? ரெண்டு கண்ணுக்கும் ஒரே ஸ்பிரிங்குதான். ஒண்ணு தொறந்தா இன்னொண்ணும் தொறந்துதான் ஆகணும்.”

“எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. ஏதாச்சும்னா சுருளிகிட்டக் கொண்டுபோ, அவன் கை என் கையவிட நல்ல கைன்னு அவுகதேன் சொல்லுவாக.” அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உள்ள பாதி ரோல் இருக்கு. கடைசியா அவுக எடுத்தது. கழுவிக் குடுங்கண்ணே.”

காப்பி கொண்டுவந்த அன்னத்தாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “எப்ப வந்தாலும் சிரிச்ச மொகம். ‘நல்லாருக்கியா தாயி’ன்னு அடுப்படி வரைக்கும் வந்து கேப்பாக. அப்படி ஒரு மனுசன எங்கன பாக்க முடியும்?”

சுருளிவேல் லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். தன் மனைவி தன்னைப் பற்றி இன்னொருத்தியிடம் இப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை என்று அப்போது அவனுக்குத் தோன்றியது. தோன்றியது போகவில்லை.

செத்தவன்மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அது விடவில்லை. இந்தக் கேமராவின் இரண்டு மாடல்களைப் பற்றிச் சேகரிப்பாளர்களின் வாட்ஸப் குழுவில் மூன்று இரவு உட்கார்ந்து எழுதிப் போட்டவன் அவன்தான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. உள்ளேதான் வித்தியாசம். பழைய மாடலில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி ஸ்பிரிங். தேயத் தேய ஒரு கண் முந்தும், ஒரு கண் பிந்தும். அதனால் கம்பெனிக்காரர்கள் புது மாடலில் ஒரு ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டு, இரண்டு கண்ணையும் ஒரே பித்தளைப் பட்டையில் கோத்துவிட்டார்கள். இரண்டு கண்ணும் திறந்து மூடாமல் பிலிமைச் சுற்றவும் முடியாதபடி ஒரு பல் வைத்தார்கள். இதையெல்லாம் பிரித்து, படம் எடுத்து, அம்புக்குறி போட்டு அவன் விளக்கியிருந்தான். கீழே லிங்கேஸ்வரன் ஒரே வரி எழுதினான். ‘அருமை சுருளி. ஒரு சின்னத் திருத்தம், பட்டையை மாற்றியதற்குக் காரணம் தேய்மானம் இல்லை.’ என்ன காரணம் என்று எழுதவில்லை. குழுவே அவனைச் சுற்றிக்கொண்டு கேட்டது. அந்த வருஷம்தான் கொச்சிக் கண்காட்சியில் லிங்கேஸ்வரனின் படங்களை வைத்தார்கள். வியூவருக்குள் இலை அசைகிறது, ஆள் மூச்சுவிடுகிறான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எப்படி என்று சுருளிவேல் போனில் கேட்டான். லிங்கேஸ்வரன் சிரித்தான், அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்பு இப்போது மேஜைமேல் இருந்தது. திறந்து பார்த்துவிடலாம்.

முதலில் ரோலைக் கழுவினான். கறுப்புப் பைக்குள் கையைவிட்டுப் பிலிமைச் சுருளில் ஏற்றி, டப்பாவில் மருந்தை மாற்றி மாற்றி ஊற்றி, குளியலறைக் கொடியில் காயப்போட்டபோது பிற்பகலாகியிருந்தது. மருந்தின் காடி நெடி வீடெல்லாம் பரவியது. காய்ந்ததை வெட்டி, ஜோடி சேர்த்து, முதல் அட்டையை வியூவரில் செருகி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை வைத்தான்.

மகாலட்சுமி திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். கையை நீட்டினால் அவள் வளையலைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. வியூவரில் பார்ப்பது என்பது படம் எடுத்தவன் நின்ற இடத்தில், அவனுடைய இரண்டு கண்ணையும் வாங்கி மாட்டிக்கொண்டு நிற்பதுதான். அவள் லிங்கேஸ்வரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது படத்தில் அவள் முகத்தில் சிரிப்பு தொடங்குகிறது, இடது படத்தில் அந்தச் சிரிப்பு கண்வரை ஏறிவிட்டது. இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தாமல் அவள் முகம் மினுங்கியது, அசைந்தது, மூச்சுவிட்டது. இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் தன்னை ஒரு பெண் இப்படிப் பார்த்ததே இல்லை என்று சுருளிவேல் நினைத்தான். வியூவரிலிருந்து கண்ணை எடுக்க வெகுநேரம் பிடித்தது.

கடைசி ஜோடியில் லிங்கேஸ்வரனே இருந்தான். கேமராவை எதிரே வைத்து, அதிலிருந்து நீளும் கேபிளின் பொத்தானை அமுக்கித் தன்னைத்தானே எடுத்திருக்கிறான். வலது படத்தில் அவன் வேலை மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்து லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது படத்தில் அதே மேஜை, அதே கோப்பை, அதே துணி. தலை மேஜைமேல் கவிழ்ந்திருந்தது. ஒரு கை விளிம்பிலிருந்து தொங்கியது. வலது படத்தில் அவன் தோளில் இருந்த ஜன்னல் வெயில், இடது படத்தில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது.

 அவன் மனசில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல, பயமும் அல்ல. வெயில் அவ்வளவு தூரம் நகர மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும். மூன்று மணி நேரம் ஒரு ஷட்டரை எப்படிக் காக்கவைத்தான்? எந்தப் பல்சக்கரம்? எந்த ஸ்பிரிங்?

அன்று சாயங்காலமே கேமராவைப் பிரித்தான். மேல்தட்டு, முன்தட்டு, ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றும் தட்டில் வரிசையாக. எல்லாம் புது மாடலின் உறுப்புகள்தான். அந்த ஒற்றை ஸ்பிரிங், அந்தப் பித்தளைப் பட்டை. ஆனால் பட்டை நடுவில் அறுக்கப்பட்டிருந்தது. சுத்தமான அறுப்பு, பொடி அரத்தால் ராவி வழுவழுப்பாக்கிய அறுப்பு. வலது பாதி ஸ்பிரிங்கோடு இருந்தது. இடது பாதியைக் காணோம்.

பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினான். இடது கண்ணுக்கு ஸ்பிரிங் இல்லை. பல்சக்கரம் இல்லை. கம்பி இல்லை. அந்தத் தகடுகள் எதோடும் சேராமல் வெறுமனே இருந்தன. திறக்க வழியே கிடையாது.

பொத்தானை அமுக்கினான். வலது கண் திறந்து மூடியது. அவன் விளக்கைக் கிட்டே இழுத்து இடது கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு டம்ளர் காப்பி ஆறும் நேரம் ஆகியிருக்கும். இடது தகடுகள் விலகின. எதுவும் அவற்றை இழுக்கவில்லை. தூங்கியவன் இமையைத் தூக்குவதுபோல விலகி, ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டன.

அப்போதாவது அதைப் பையில் போட்டுக் கூடலூருக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அவனோ அலமாரியைத் திறந்தான். அவனிடமும் ஒரு புது மாடல் இருந்தது, பழுதில்லாதது. இரண்டுக்கும் வெளிமூடியை மாற்றி மாட்டினான். லிங்கேஸ்வரனின் கீறல் விழுந்த மூடி, அவன் கைப்பட்டு மெருகேறிய பொத்தான் எல்லாம் சாதாரணக் கேமராவுக்குப் போயின. உள்ளே இருந்த ரகசியம் சுருளிவேலிடம் தங்கியது. நான்கு படம் எடுத்துக் குழுவில் போட்டால் போதும். இனி எல்லோரும் தன்னைக் கேட்பார்கள். தானும் சிரித்துவிட்டுச் சும்மா இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மகாலட்சுமி வந்தாள். கேமராவை வாங்கிக் காதோரம் வைத்து அமுக்கினாள். ஒரே ஒரு சத்தம். அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னொரு சத்தத்தக் காணோம்.”

“அதான் பழுது. இப்பச் சரியாயிருச்சு. ரெண்டு கண்ணும் ஒண்ணாத் தொறக்கணும், அதுதான் இதோட கணக்கு.”

அவள் கேமராவைத் திருப்பி லென்ஸை நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். “அவுக கேமரா நம்மளப் பாக்கும்ணே. இது பாக்கல.”

அவன் கழுவிய படங்கள் இருந்த உறையை நீட்டினான். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள். பையில் கேமராவைப் போடும்போது, ஊருக்குப் போகிறவனின் துணிமணியை மடிப்பதுபோல மெதுவாகப் போட்டாள். வாசலில் நின்று, அவனிடம் இல்லாமல் வீட்டுக்குள்ளே பார்த்துச் சொன்னாள். “அப்ப நான் வரேன்.”

மறுநாளே புது ரோல் போட்டான். அன்னத்தாய் அடுப்படியில் முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“இங்கன பாரு.”

“வேலையத்துப் போயி…” அவள் நிமிரவில்லை. அவன் அமுக்கினான். கேமராவைக் கொண்டுவந்து மேஜையில் சுவரைப் பார்த்து வைத்தான். முக்கால் மணி நேரம் கழித்து இரண்டாவது சத்தம் வந்தது. பிறகுதான் பிலிமைச் சுற்ற முடிந்தது. அடுத்த நாள் மாடியில் துணி காயப்போட்டபோது ஒரு படம். அதன் இரண்டாவது சத்தம் ஒன்றரை மணி நேரம் கழித்து. பிறகு தெருக்குழாயில், பிறகு வாசல் கேட் பக்கத்தில். காத்திருக்கும் நேரமெல்லாம் அவன் வேறு வேலை பார்க்கவில்லை. காற்று நிற்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டான். ஆறு நாளில் ரோல் முடிந்தது.

கழுவி, ஜோடி சேர்த்து, முதல் அட்டையைச் செருகினான்.

வலது படத்தில் அவன் எடுத்த அடுப்படி. முறம், மொச்சை, குனிந்த தலை, சலித்துப்போன முகம். இடது படத்திலும் அடுப்படிதான். சுவரைப் பார்த்து வைத்த கேமராவில் அடுப்படி எப்படி விழுந்தது? அவன் நின்ற அதே இடத்திலிருந்து, அதே உயரத்திலிருந்து. மொச்சை உரித்து முடிந்திருந்தது. அன்னத்தாய் நிமிர்ந்திருந்தாள். நேராகப் பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண்வரை ஏறியிருந்தது.

அடுத்த அட்டை. மாடி. வலதில் முதுகைக் காட்டித் துணி உதறுகிறாள். இடதில் திரும்பிவிட்டாள், காற்றில் பறக்கும் முடியை ஒதுக்கிக்கொண்டு, வெட்கத்தோடு. அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் வலது கண்ணுக்கு ஒரு மனைவி, இடது கண்ணுக்கு இன்னொரு மனைவி. அட்டைக்கு அட்டை அவள் கிட்டே வந்துகொண்டிருந்தாள். அல்லது பார்ப்பவன் போய்க்கொண்டிருந்தான். பார்ப்பவன் எந்தப் படத்திலும் இல்லை. பார்ப்பவன் எப்படிப் படத்தில் வருவான்?

சுருளிவேல் அடுப்படிக்குப் போனான்.  “மொச்ச உரிச்ச அன்னைக்கு இங்கன யாரு வந்தா?”

“யாரு வருவா?”

வியூவரை நீட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் வைத்து, வெகுநேரம் பார்த்தாள். முகம் இளகியது.

“நல்லாருக்கே. இப்படி என்னைய நீங்க எடுத்ததே இல்லையே.”

“யாரப் பாத்துச் சிரிக்கிற?”

“இதென்ன கேள்வி? உங்களப் பாத்துத்தேன். எடுத்துட்டுப் போயிட்டு, பொறவு திரும்பி வந்து நின்னீகள்ல.”

“நான் வரல.”

“வந்தீக. ஒண்ணும் பேசாம நின்னு பாத்தீக. ‘நல்லாருக்கியா தாயி’ன்னீக.” அவள் சிரித்தாள். படத்தில் இருந்த சிரிப்பின் மிச்சம் அது. “நம்ம மனுசனுக்கு என்னமோ நல்ல புத்தி வந்துருச்சேன்னு நெனச்சேன்.”

அந்த வார்த்தையை அவன் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்கிறவன் யாரென்று அவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் பயந்திருக்க வேண்டிய மனிதன், பயத்துக்குப் பதிலாக வாயைத் திறந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் பேசாத பேச்செல்லாம் பேசினான். வந்தவன் யாரென்று தெரிந்தேதான் சிரித்திருக்கிறாய் என்றான். அதற்கு மேலும் சொன்னான். அன்னத்தாய் அழவில்லை. வியூவரை மேஜையில் வைத்தாள். மகள் திருப்பூரில் வேலைக்குப் போனபிறகு வாங்கிய புதுப் பையில் நான்கு சேலையை அடுக்கிக்கொண்டு, வடுகபட்டியில் இருக்கும் அக்கா மூக்கம்மாள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று படி இறங்கும்போது அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சுருளிவேலைப் பார்க்கவில்லை. அவனுக்கு ஒரு அடி இடப்பக்கம் பார்த்தாள்.

பிறகு வீட்டில் அவனும் கேமராவும் காற்றும்தான். அவன் சமைக்கவில்லை. மருந்து நெடி போகவில்லை. மகாலட்சுமிக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லி, அதை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தான். அவள் எடுத்துப்போனால் லிங்கேஸ்வரன் அவளிடம் திரும்பிப் போய்விடுவான், தன் மனைவி சிரித்ததையெல்லாம் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு. நினைத்தபோதே உடம்பு எரிந்தது. கொடுக்கக் கூடாது. பிடிக்க வேண்டும். ஒரே ஒரு படத்தில் அவனைப் பிடித்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னொரு ரோலைப் போட்டுக் கேமராவை மேஜையின் அந்தப் பக்கம் வைத்தான். இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். லென்ஸ்கள் இரண்டும் அவனைப் பார்த்தன. கேபிளை அமுக்கினான்.

வலது கண் திறந்து மூடியது.

காத்திருந்தான்.

வெயில் தரையில் நகர்ந்தது. காற்று தகரத்தைத் தூக்கியது, போட்டது. மணி இரண்டு. மணி மூன்று. தண்ணீர் குடிக்க எழவில்லை. எழுந்த நேரத்தில் திறந்துவிட்டால்? கண்ணைக் கொட்டுவதைக்கூடத் தள்ளிப்போட்டான். மணி நான்கு ஆகும்போது காற்று நின்றது. ஒரேயடியாக. கொக்கி ஆடவில்லை. தெருவில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில் கேமராவுக்குள்ளிருந்து மெல்ல ஒன்று கேட்டது. ஷட்டர் அல்ல. கதவுக்குப் பின்னால் ஆள் நிற்கும்போது கேட்குமே, அது.

சுருளிவேல் எழுந்தான். மேஜைமேல் கவிழ்ந்தான். கேமராவின் இடது லென்ஸுக்கு நேராகத் தன் இடது கண்ணைக் கொண்டுபோனான். கண்ணாடியில் அவன் கண்ணே சிறிதாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் மூடிய தகடுகள். கறுப்பு.

“லிங்கேசு,” என்றான். “வெளிய வாடா.”

இன்னும் கிட்டே போனான். இமைமுடி கண்ணாடியில் உரசியது. குளிர்ந்தது.

தகடுகள் விலகின.

சத்தம் அவன் தலைக்குள் கேட்டது.

பின்னால் சாய்ந்து நாற்காலியில் விழுந்தான். முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அறை. மேஜை. கேமரா. ஆனால் எல்லாம் மினுங்கின. ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவில்லை. மேஜைக்கு நடுவே ஒரு வேப்பமரம் நின்றது. சுவரில் ஒரு கொடிக்கயிறு. வலது கண்ணைப் பொத்தினான்.

அறை போய்விட்டது.

மூக்கம்மாள் வீட்டு முற்றம். வடுகபட்டி. அவனுக்குத் தெரிந்த முற்றம்தான். வேப்பமரம், துவைகல், மஞ்சள் பிளாஸ்டிக் வாளி. படம் அல்ல. வேப்ப இலை அசைந்தது. பார்வை மெதுவாக, நடந்துபோகிறவனின் பார்வைபோல லேசாக ஏறி இறங்கி முன்னே போய்க்கொண்டிருந்தது. துவைகல்லில் குனிந்திருந்த ஒருத்தி நிமிர்ந்தாள்.

அன்னத்தாய்.

இடது கண்ணை மூடினான். முற்றம் மறையவில்லை. உள்ளங்கையால் அழுத்தினான். மறையவில்லை. இமைக்கு அந்தப் பக்கம் இல்லை அது. இந்தப் பக்கம்.

கை தடவித் தடவிப் போனை எடுத்தது. வலது கண்ணைத் திறந்து அவள் எண்ணைத் தொட்டான். மணி அடித்தது. முற்றத்தில், துவைகல்மேல் கிடந்த போன் ஒளிர்ந்தது. அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. காதில் வைத்தாள்.

“அன்னம்!” என்று கத்தினான். “உள்ள போ! வீட்டுக்குள்ள போ! கதவச் சாத்து!”

அவள் நிமிர்ந்து அவன் இடது கண்ணை நேராகப் பார்த்தாள். சிரிப்பு தொடங்கியது. போனிலிருந்து வந்த அவள் குரலும், அசையும் அவள் உதடும் ஒன்றாக இருந்தன.

“என்னங்க இது? நீங்க இங்கன நிக்கீக. உங்க போன்ல யாரோ கத்துறாக.”

“நான் இல்ல அது! அன்னம்!”

பார்வையின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு கை நீண்டது. ஆணின் கை. அவசரமில்லாமல் போய் அவள் காதோரம் பறந்த முடியை ஒதுக்கிவிட்டது. அவள் விலகவில்லை, கன்னத்தை அந்தக் கைக்குள் சாய்த்தாள். கை போனை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது.

காதில் மூச்சு கேட்டது. பிறகு குரல். சுருளிவேலின் சொந்தக் குரல்தான், அவன் ஒருநாளும் பேசியிராத பக்குவத்தில்.

“நீ உள்ள போ தாயி. நான் பேசிட்டு வரேன்.”

போன் அணைந்தது.

நாற்காலியிலிருந்து எழ முயன்றான். கால் கேட்கவில்லை. கையும் கேட்கவில்லை. வலது கண்ணில் மேஜையும் கேமராவும் மங்கிக்கொண்டே போயின. வெயில் எதிர்ச் சுவரைத் தொட்டிருந்தது. தலை கனத்துக் கவிழ்ந்தது. கன்னத்தில் மேஜையின் மரம்.

இடது கண்ணில் எல்லாம் தெளிவாக இருந்தது. அன்னத்தாய் வாசற்படி ஏறினாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கண்வரை ஏறிய அந்தச் சிரிப்போடு, உள்ளே வரச் சொல்லித் தலையசைத்தாள்.

பார்வை படியை நோக்கி நடக்கத் தொடங்கியது.